பதினொன்றாம் வார்டின் கையெழுத்து

நவம்பர் 3, திங்கள்

போன வருட வேதியியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். அட்டையில் வேதியியல் என்று இருக்கும்வரை இந்த வீட்டில் யாரும் இதைத் திறக்க மாட்டார்கள். இருந்தாலும் என் பெயரை எங்கேயும் எழுதப் போவதில்லை. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் செம்பாறைக்குளம் நகராட்சியைப் பற்றி எழுதும் ஒரு வலைப்பூ இருக்கிறது. ‘நடந்து பார்த்தோம்’ என்று பெயர். எழுதுவது இரண்டு பேர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அந்தோணிமுத்து மாமா, எங்கள் பள்ளிக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் ரமீலா அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வார்டுக்குப் போவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப்போட்டு வாங்கிய நகராட்சித் தாள் ஒருவர் கையில், தையல் டேப் இன்னொருவர் கையில். தாளில் இருப்பது தெருவில் இருக்கிறதா என்று பார்த்து எழுதுவார்கள். கோபமாக ஒரு வார்த்தை இருக்காது. அதனால்தான் எல்லாரும் படிக்கிறார்கள். போன மாதம் ஒன்பதாம் வார்டு குடிநீர்த் தொட்டியைப் பற்றி எழுதிய நான்கே நாளில் தொட்டியைக் கழுவ ஆள் வந்தது.

நேற்று எங்கள் பதினொன்றாம் வார்டுக்கு வந்திருக்கிறார்கள். இன்று போட்டிருக்கிறார்கள்.

“பள்ளிக்கூடத் தெரு கழிவுநீர் வாறுகால். தாளின்படி அறுபத்து நான்கு சிமெண்டு மூடிகள் போடப்பட்டுள்ளன. நடந்து பார்த்தோம். ஒன்பது இருக்கின்றன. நாங்கள் எண்ணியது தவறென்றால் வந்து எண்ணிக் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம்.”

பதினொன்றாம் வார்டு கவுன்சிலர் என் அம்மா.

அப்பா சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “தையக்காரிக்கு ஊக்கு மாட்டுற வேலையில்லையா? வாறுகால்ல எறங்கி மூடிய எண்ணுதாளாம் மூடிய” என்றார். அம்மா, “ஒம்போதுதான் இருக்குதாங்க?” என்று கேட்டாள். அப்பா எழுந்தார். கையைக் கழுவிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார்.

கை வியர்க்கிறது. பேனா வழுக்குகிறது. இவ்வளவு போதும்.

நவம்பர் 4, செவ்வாய்

அம்மா கவுன்சிலரான கதையை எழுதிவிடுகிறேன். வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டதால் அப்பாவால் தேர்தலில் நிற்க முடியவில்லை. அம்மாவை நிறுத்தினார். சுவரொட்டியில் அம்மா படத்தைவிட அப்பா படம்தான் பெரிது. தெருவில் எல்லாரும் அப்பாவைத்தான் “கவுன்சிலர் அண்ணாச்சி” என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவின் பெயர் பிரம்மசக்தி என்பதே பலருக்கு ஓட்டுச் சீட்டில் பார்த்துத்தான் தெரியும். அம்மா நகர்மன்றத்துக்குப் போனது இரண்டே தடவை. பதவி ஏற்ற அன்று, அப்புறம் சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு. மற்ற நாளெல்லாம் அப்பா போவார். வருகைப் பதிவேடும் தாள்களும் கையெழுத்துக்கு வீட்டுக்கு வரும்.

அப்பா கெட்டவர் இல்லை. யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் முதலில் ஓடுவது அவர்தான்.

மழை வரும்போல் இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

மெர்லின் விழுந்துவிட்டாள்.

மெர்லின் என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள். காலையில் நல்ல மழை. பள்ளிக்கூடத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், தெரு எது, வாறுகால் எது என்று தெரியவில்லை. நான் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். “ஏ பிள்ள, செருப்பக் கையில எடு, அறுந்துரும்” என்று திரும்பிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த அடி வைத்தாள். ஆள் இல்லை. குடை மட்டும் மிதந்தது.

பக்கத்துப் பேக்கரிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கித் தூக்கினார்கள். வலது கால் முட்டிக்குக் கீழே திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. “என் பிசிக்ஸ் நோட்டு, என் பிசிக்ஸ் நோட்டு” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் தன் வண்டியில் கொண்டுபோனது அப்பாதான். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறதாம்.

இரவு சாப்பிட முடியவில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

நவம்பர் 8, சனி

அம்மாவின் ஜாக்கெட்டை வாங்கி வர ரமீலா அக்கா கடைக்குப் போனேன். துணி வாங்குகிறவர்கள் அங்கே ஒரு நீள நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். யார் பெயரில் துணியோ அந்த வரிக்கு நேரே.

மற்ற நாள் என் பெயரைச் சின்னதாக எழுதுவேன். இன்று அம்மா பெயருக்கு நேரே, பெரிய ‘பி’, அது சுற்றி வந்து ‘சக்தி’யை அணைத்துக்கொள்ளும், அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. கைப்பழக்கம். அவ்வளவுதான்.

அக்கா நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள் என்று நினைக்கிறேன். “கையெழுத்து ஷோக்கா இருக்கே” என்றாள். “மெர்லினப் பாத்தியா?” என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றேன்.

அதை ஏன் அடிக்கவில்லை என்று தெரியவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். டார்ச் மங்குகிறது, சீக்கிரம் எழுதிவிடுகிறேன்.

அம்மா கையெழுத்துப் போட்டால் நேரமாகும். ஐந்தாவது வரைதான் படித்தாள், அப்புறம் பீடி சுற்றப் போய்விட்டாள். பேனாவைப் பீடி இலையைப் பிடிப்பதுபோல் பிடித்து, பி, ர, ம், ம என்று ஒவ்வொரு எழுத்தாக வைப்பாள். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். நகராட்சி ஆள் வாசலில் நின்றார். அப்பா என்னிடம் தாளைக் கொடுத்து, “நீ போடு தாயி. உங்கம்மா பேருதான, நீயும் இந்த வீட்டு ஆளுதான” என்றார். போட்டேன். அப்பா தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “ஏயப்பா, கலெக்டர் கையெழுத்துல்லா இது!” என்றார். அந்த நகராட்சி ஆளும் சிரித்தார்.

அப்பா அப்படி என்னைப் பார்த்து அதற்குமுன் சிரித்ததில்லை.

அதற்குப் பிறகு எல்லாத் தாளும் என்னிடம்தான் வந்தது. கோடும் புள்ளியும் நானாகச் சேர்த்தது. வாறுகால் மூடித் தாளும் அதில் ஒன்று. ஜூலையில் போட்டேன். “பணி நடைபெற்ற இடத்தை நேரில் பார்வையிட்டேன், திருப்திகரமாக உள்ளது” என்று இருந்தது. படித்தேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறேன்.

நவம்பர் 10, திங்கள்

பக்கத்து இடம் காலி. அவள் பையை வைக்கும் ஆணியில் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள். எடுத்துக் கீழே வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வலைப்பூவில் போட்டுவிட்டார்கள்.

இரண்டு கையெழுத்து, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று அம்மா பதவி ஏற்ற நாளில் பதிவேட்டில் போட்டது, ஏழு எழுத்தும் தனித்தனியாக. இன்னொன்று மூடித் தாளில் இருப்பது. கீழே மூன்றே வரி.

“இரண்டும் பதினொன்றாம் வார்டு உறுப்பினரின் கையெழுத்து என்று நகராட்சி சொல்கிறது. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நாங்கள் நினைப்பது தவறென்றால் உறுப்பினர் நேரில் போட்டுக் காட்டட்டும், திருத்திக்கொள்கிறோம்.”

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? யார் சொல்லியிருப்பார்கள்? எனக்குத் தெரியாது.

காண்டிராக்ட் எடுத்த முத்துக்குட்டி அண்ணாச்சி மத்தியானம் வந்தார். அப்பாவோடு மாடியில் பேசினார். படியில் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன்.

“வே தங்கப்பழம், எவனோ உள்ள இருந்து காட்டிக் குடுத்திருக்கான்.”

“எங்க வீட்டுல எவன்வே இருக்கான்? நானு, எம்பொண்டாட்டி, எம்மவ.”

“அதத்தான் சொல்லுதேன்.”

“வாய அளந்து பேசும்வே” என்று அப்பா கத்தினார். எனக்காகக் கத்தினார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

ரமீலா அக்கா கடையில் யாரோ வாறுகால் சேற்றை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் தைத்து மடித்து வைத்திருந்த துணியெல்லாம் கறுப்பு. பள்ளிச் சீருடைகள் நிறைய. என்னுடையதும் ஒன்று. அக்கா எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் போட்டு அலசிக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். போனவர் வந்தவரிடமெல்லாம், “பத்து நா பொறுங்கம்மா, தச்சுத் தாரேன். நாத்தம் போவலன்னா புதுத்துணி என் பொறுப்பு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீள நோட்டு மட்டும் மேல் தட்டில் நனையாமல் இருந்தது.

அப்பாவின் செருப்பு வாசலில் சேறாகக் கிடந்தது. ராத்திரி மழை பெய்தது. எல்லார் செருப்பிலும் சேறுதான் இருக்கும்.

அம்மா அந்தச் செருப்பைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

நவம்பர் 20, வியாழன்

வருகிற செவ்வாய்க்கிழமை நகர்மன்றக் கூட்டம். பதினொன்றாம் வார்டு உறுப்பினர் நேரில் வர வேண்டும் என்று ஆணையரிடமிருந்து கடிதம். அப்பா வரக் கூடாது என்று போட்டிருக்கிறது.

நவம்பர் 22, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

காலையில் அப்பா ஒரு கட்டு வெள்ளைத் தாள் வாங்கி வந்து அடுப்படியில் வைத்தார். “உங்கம்மைக்குச் சொல்லிக் குடு. செவ்வாக்கிழமைக்குள்ள உன்ன மாதிரியே போட வரணும்” என்றார்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “என்ன மாதிரி இவ போட்டா. இப்ப இவள மாதிரி நான் போடணுமா?” என்று கேட்டாள். சிரிப்பதுபோல்தான் கேட்டாள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “புள்ள பேரு வெளிய வரணுமா உனக்கு? பதினோராப்பு படிக்கிறவ. போலீஸ்ல எழுதிட்டான்னா அவ படிப்பு என்னாவும்?” என்றார். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அம்மா கைமேல் என் கையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். பெரிய ‘பி’யைச் சுற்றினோம். அம்மா விரல் வளையவில்லை. “எங்கட்டி படிச்ச இந்த வளைவ? கோலத்துல கூட இப்படி ஒரு சுத்து கெடையாதே” என்றாள். முப்பது தாள் போனது. மத்தியானத்துக்குமேல் கொஞ்சம் வந்தது. கோடு வந்தது. புள்ளி வந்தது. அம்மா தனியாக ஒன்று போட்டாள். பார்த்தால் என்னுடையதுபோலவே இருந்தது.

பிறகு அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இப்பம் சொல்லு. அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சு?” என்றாள்.

அப்பா வெளியே போயிருந்தார். அம்மா போனில் வலைப்பூவைத் திறந்தேன், தாளின் படம் இருந்தது. காட்டினேன். வாசித்துச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தானே எழுத்துக் கூட்டிப் படித்தாள். தேதி வந்ததும் விரல் நின்றது.

“சூலை ஒம்போதா? அன்னைக்குத்தானட்டி எனக்கு ஆப்பரேசன் தையல் பிரிச்சாவ. கட்டில்ல இருந்து எறங்க முடியாமக் கெடந்தேன். நேருல பாத்தேன்னு போட்டிருக்கு?”

போன் திரை அணைந்தது, மறுபடி தொட்டுக் காட்டினேன்.

“மெர்லின் விழுந்தது இந்தத் தெருவுலதான?”

“ஆமாம்மா.”

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். முப்பது தாளையும் அடுக்கி, ஓரம் தட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வெங்காயத்தை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். “போயி மெர்லினப் பாத்துட்டு வா. இத்தன நாளு போவாம இருந்திருக்க” என்றாள்.

போனேன். கட்டுப்போட்ட காலில் பெயர் எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டினாள். வகுப்பில் எல்லாரும் எழுதியிருந்தார்கள். பேனாவை வாங்கினேன். ஒரு பூ வரைந்துவிட்டு வந்துவிட்டேன். “ஏ பிள்ள, பேரு எழுதச் சொன்னா கத்தரிக்கா வரையுத?” என்று சிரித்தாள்.

நவம்பர் 25, செவ்வாய்

அம்மா பச்சைச் சேலை கட்டிக்கொண்டு ஆட்டோவில் தனியாகப் போனாள். அப்பா வாசலில் நின்று, “கோட மறந்துராத” என்றார்.

மாலையில் அம்மா வந்து சேலையை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கு வலைப்பூவில் வந்தது. பார்வையாளர் பெஞ்சில் ரமீலா அக்கா இருந்திருக்கிறாள். அப்படியே எழுதுகிறேன்.

“உறுப்பினர் பிரம்மசக்தி வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். ஏழு எழுத்துகள். ஒரு நிமிடத்துக்குமேல் ஆனது. யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மூடித் தாளைக் காட்டி இது யார் கையெழுத்து என்று ஆணையர் கேட்டார். உறுப்பினர் சொன்னது: ‘இது எங்கையெழுத்து இல்லய்யா. அந்தத் தேதியில நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன், சீட்டு கொண்டாந்திருக்கேன். ஆனா பேரு எம்பேரு. என்னால வரமுடியலன்னு விட்டுட்டேன், அது என் தப்பு. மூடிய முதல்ல போடுங்க. மத்ததுக்கு எழுதிக் கேளுங்க, எழுதித் தாரேன்.’ வீட்டில் யார் போட்டது என்று நகர்மன்றத் தலைவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் உறுப்பினர் தண்ணீர் குடித்தார்.”

அப்பா போனைத் தூக்கி எறியவில்லை. மெதுவாகக் கட்டிலில் வைத்தார். அப்படி வைத்ததுதான் பயமாக இருந்தது.

நவம்பர் 26, புதன்

குக்கர் விசில் வரும்போதெல்லாம் மூன்று பேரும் அதைப் பார்க்கிறோம்.

நவம்பர் 29, சனி

சீருடை வாங்கப் போனேன். சேற்று நாற்றம் போயிருந்தது. அக்கா நீள நோட்டை எடுத்தாள். என் பக்கத்துக்குப் புரட்டும்போது நவம்பர் எட்டாம் தேதி வந்தது. பெரிய ‘பி’. இரண்டு புள்ளி. அக்கா அங்கேயே விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இத நான் எழுதல. எழுதவும் மாட்டேன். அந்தோணி மாமாட்ட கூடச் சொல்லல. சின்னப் புள்ளையளப் பத்தி எழுதுறதில்லன்னு ஆரம்பிக்கும்போதே பேசி வச்சிருக்கோம்” என்றாள். பிறகு, “தெரிஞ்சு போட்டியா, தெரியாமப் போட்டியா?” என்று கேட்டாள்.

“தெரியலக்கா.”

“சரி. நோட்டு இங்கனதான் இருக்கும்” என்று சொல்லி, ஊசியில் நூலைக் கோக்கத் திரும்பிக்கொண்டாள்.

டிசம்பர் 3, புதன்

பள்ளிக்கூடத் தெருவில் மூடி இறக்குகிறார்கள். லாரி நிற்கிறது. அம்மாவுக்கு ஆணையரிடமிருந்து கேள்விக் கடிதமும் வந்துவிட்டது. எட்டாம் தேதிக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கையெழுத்திட்டவர் யார் என்பது மூன்றாவது கேள்வி. பதில் இல்லையென்றால் உறுப்பினரே பொறுப்பாவார் என்று போட்டிருக்கிறது.

அம்மா, “நான் பாத்துக்கிடுதேன், நீ படி” என்றாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் முத்துக்குட்டி அண்ணாச்சியின் ஆள் ஒரு தாளோடு வந்தான். “அறுபத்தி நாலும் போட்டாச்சுக்கா. ஒரு கையெழுத்து” என்றான். அம்மா தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவனை நிற்க வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். “வாட்டி, எண்ணிட்டு வருவோம்” என்றாள்.

பள்ளிக்கூடத் தெரு முழுக்க நடந்தோம். அம்மா ஒவ்வொரு மூடிமேலும் ஏறி நின்று பார்த்தாள். நான் எண்ணினேன். மெர்லின் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளும் எங்களோடு சேர்ந்து சத்தமாக எண்ணினாள். எதிர்ப்பக்கம் அந்தோணிமுத்து மாமாவும் ரமீலா அக்காவும் டேப்போடு வந்துகொண்டிருந்தார்கள். அக்கா கையை உயர்த்தினாள். அம்மாவும் உயர்த்தினாள்.

அறுபத்தொன்று.

முக்கில் மூன்று இடம் திறந்து கிடந்தது. அம்மா வீட்டுக்கு வந்து தாளை அந்த ஆளிடம் திருப்பிக் கொடுத்து, “மூணு குறையுதுய்யா. போட்டுட்டு வாங்க” என்றாள்.

மத்தியானம் மூன்றாவது கேள்விக்கான பதிலை நான் எழுதினேன். அம்மாவிடம் கேட்கவில்லை. முதல் தாளிலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன். அப்பா போடச் சொன்னதையும் எழுதினேன். நான் படித்துவிட்டுத்தான் போட்டேன் என்பதையும் எழுதினேன்.

அப்பா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

“எம்பேரும் இருக்கா?”

“இருக்குப்பா.”

தாளைப் பிடுங்கப் போகிறார் என்று இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். அப்பா தாளைத் தொடவில்லை. அப்புறம், “இடது பக்கம் ரெண்டு விரக்கட எடம் விட்டு எழுது. ஃபைல்ல கோக்க ஓட்ட போடுவாவ, எழுத்து போயிரும்” என்றார். வெளியே போய்விட்டார்.

வேறு தாளில் இடம் விட்டு மறுபடி எழுதினேன்.

அம்மா படித்தாள். முடிவு வரை படித்தாள். கிழிக்கவில்லை. நாளை காலை நகராட்சிக்கு என்னோடு வருகிறேன் என்றாள். அடியில் பெயர் போடும் இடம் இன்னும் காலி. நாளைக்கு என்று விட்டுவிட்டேன். “அவசரமில்ல. ஒவ்வொரு எழுத்தாப் போடு” என்றாள் அம்மா.

இந்த நோட்டில் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன். அடியில் கோடு இல்லை, புள்ளி இல்லை.

ஆனந்தசெல்வி